ஒரே நாளில் மெட்ரோவில் இரண்டு சண்டை: காலையில் மாஸ்க், மதியம் ஜூஸ். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

யமுனைக்கரை எழுதியது:

வணக்கம். நாங்கள் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது, கிட்னி கொடுத்தது அம்மா. உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், அதில் ஸ்டீராய்டும் உண்டு, முன்பே இருந்த சர்க்கரை அதனால் இன்னும் ஏறி இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அதற்காக ஆஸ்பத்திரிக்கு மெட்ரோவின் பிங்க் லைனில் ஐஎன்ஏ ஸ்டேஷன் வரை போய் அங்கே யெல்லோ லைனுக்கு மாறுவோம். ஆட்டோவில் போனால் ஆசிரம் சந்திப்பு நெரிசலில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்லவே முடியாது, அதனால்தான் மெட்ரோ.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் போகும்போது முதியோர் சீட்டில் அப்பாவை உட்காரவைத்தேன். பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார், கைக்குட்டைகூட வைக்கவில்லை. அப்பா N95 போட்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு இருமலுக்கும் அவர் ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்புவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் பையில் எப்போதும் நாலைந்து புது மாஸ்க் இருக்கும். ஒன்றை எடுத்து நீட்டி, "பாயி சாப் (அண்ணா), ப்ளீஸ், இதைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா பேஷன்ட்" என்றேன். அவர் அதைத் தொடவே இல்லை. "கோவிட் கதம் ஹோ கயா (முடிந்துவிட்டது) மேடம், இப்ப எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று சத்தம் போட்டார். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை, ஒரு அம்மா மட்டும் "உங்களுக்குப் பயமாக இருந்தால் டாக்ஸியில் போங்களேன்" என்றார். அப்பா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து "விடும்மா" என்றார்.

மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் அன்று வெறும் வயிறு. ரத்தம் கொடுத்த பிறகு இன்சுலின் போட்டுக்கொண்டு இட்லி டப்பாவைத் திறந்தார், ஒன்றரை இட்லி சாப்பிடுவதற்குள் டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள், அப்புறம் மருந்து வாங்கும் வரிசை, மீதி இட்லி அப்படியே இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டது என் தப்புதான். திரும்பும்போது சவுத் எக்ஸ்டென்ஷன் தாண்டியதும் அப்பா ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது, ஏசியோ ஜில்லென்று ஓடுகிறது. கையைப் பிடித்தால் நடுங்குகிறது. எனக்குத் தெரியும், சர்க்கரை இறங்கிவிட்டது. பையில் இருந்த மாம்பழ ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தி, அவருடைய மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி, வாயில் வைத்தேன். ஸ்ட்ரா பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது, உறிஞ்சவே வரவில்லை. நான் டப்பாவை அமுக்கினேன், பாதி உள்ளே போனது, பாதி தாடை வழியாக மாஸ்க்கிலும் சட்டையிலும் வழிந்தது. அடுத்து ஒரு பிஸ்கட்டை உடைத்தேன்.

அப்போதுதான் எதிர் சீட்டிலிருந்த பையன், முப்பது வயது இருக்கும், "மெட்ரோவில் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா" என்று ஆரம்பித்தான். சுகர் பேஷன்ட் என்றேன். "எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து வீடியோ எடுத்தான். அப்பாவின் முகத்தை நேராக எடுத்தான். வாயில் ஸ்ட்ராவோடு, சட்டையெல்லாம் மஞ்சளாக, கண் சரியாக நிலைக்காமல் இருக்கிற ஒரு மனிதரை. நான் குறுக்கே நின்று மறைத்தேன், லாஜ்பத் நகரில் அவன் இறங்கிப் போய்விட்டான்.

அப்பா இப்போது மெட்ரோ வேண்டாம் என்கிறார். 35 வருடம் இந்த ஊரில் வேலை பார்த்தவர், ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறியதில்லை. அவரைச் சட்டம் மீறியவர் என்று படம் எடுத்துவிட்டான்.

என் கேள்விகள்: மருத்துவக் காரணத்துக்காக ஒருவர் ரயிலில் வாயில் ஏதாவது போட வேண்டியிருந்தால் என்ன செய்கிறீர்கள்? இருமுகிறவரிடம் மாஸ்க் கேட்க எனக்கு இப்போது ஏதாவது பிடிமானம் இருக்கிறதா? அந்த வீடியோ எங்காவது வந்தால் யாரிடம் போவது? இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய கரோல்பாக் எழுதியது:

அம்மா, அப்பாவுக்கு நடந்தது வருத்தமான விஷயம், அந்தப் பையன் வீடியோ எடுத்தது அநியாயம். அதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 2002 டிசம்பரில் ஷாதரா முதல் தீஸ் ஹஸாரி வரை முதல் ரயில் விட்டபோது பார்க்கப் போனவன் நான். இந்த ஊர் பஸ்களில் நிலக்கடலைத் தோலும் பான் எச்சிலும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத்தான் மெட்ரோவின் சுத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அது தானாக வரவில்லை, சாப்பிடாதே, துப்பாதே, தரையில் உட்காராதே என்று சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்தது. மூடிய ஏசி பெட்டியில் ஒரு சமோசா பொட்டலம் பிரித்தால் கடைசி சீட்டு வரை வாசனை போகும், சிந்தியதைத் தேடி எலியும் கரப்பானும் வரும். இன்று ஜூஸுக்கு விலக்கு என்றால் நாளைக்குப் பரோட்டாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். அடுத்த ஸ்டேஷன் இரண்டே நிமிடம், இறங்கி பிளாட்பாரம் பெஞ்சில் உட்காரவைத்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மாஸ்க் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. டெல்லியில் 2020 நவம்பரில் அபராதத்தை 500லிருந்து 2000 ரூபாய் ஆக்கினார்கள், 2021 ஏப்ரலில் ஹைகோர்ட் காரில் தனியாக ஓட்டுகிறவரும் போட வேண்டும் என்றது, 2022 ஏப்ரலில் அபராதத்தை எடுத்தார்கள், அதே மாதமே 500 ரூபாயாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அக்டோபரில் அதுவும் போனது. இப்போது கேட்கலாம், வற்புறுத்த முடியாது.

வார்டு நர்ஸ் எழுதியது:

கரோல்பாக் சார், மன்னிக்கணும், அந்த "இரண்டே நிமிடம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இந்த ஊரில் பதினோரு வருடமாக நர்ஸ். பேச்சு குழறி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிற ஆளை எழுப்பி, கூட்டத்தில் தள்ளி, கதவு வழியாக நடத்திக்கொண்டு போவது என்றால் பாதியில் சுருண்டு விழலாம். மயக்கம் வந்துவிட்டால் அப்புறம் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாயால் கொடுக்க முடிகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் கையில் இருக்கிறது, யமுனைக்கரை அக்கா அதைச் சரியாகப் பயன்படுத்தினார்.

அக்கா, சிலது மட்டும் சொல்கிறேன். சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம், இதுதான் நாங்கள் வார்டில் செய்வது. மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் பவுடர், அல்லது 150 மில்லி அளவு ஜூஸ். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும், கொழுப்பு இருப்பதால், அது இரண்டாவதாகக் கொடுக்க வேண்டியது. குளுக்கோஸ் பவுடரை ஒரு சின்ன டப்பாவில் அளந்து போட்டு அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள், உங்கள் பையில் வேண்டாம், நீங்கள் வரிசையில் நிற்கும்போது ஆனாலும் அவரே எடுப்பார். குளுக்கோமீட்டரும் கூடவே இருக்கட்டும். அடுத்த முறை இட்லி டப்பாவைத் திறந்து முன்னால் வைத்து, அவர் கை கழுவி உட்கார்ந்த பிறகு மட்டும் ஊசி. டோக்கன் கூப்பிட்டால் கூப்பிடட்டும், "இன்சுலின் போட்டாகிவிட்டது, சாப்பிட்டு வருகிறோம்" என்று கவுன்டரில் சொல்லுங்கள், எந்த வார்டிலும் அது புரியும்.

மாஸ்க் பற்றி. ஜூஸ் பட்டு நனைந்த N95ஐ அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஈரமானால் அது சரியாக வேலை செய்யாது. இன்னொன்று, நவம்பரில் புகைக்காக நம் ஊரில் எல்லோரும் முன்னால் வட்டமாக ஒரு வால்வு வைத்த மாஸ்க் வாங்கிப் போடுகிறார்களே, அது போடுகிறவருக்குப் புகையைத் தடுக்கும், ஆனால் அவர் விடுகிற மூச்சு அந்த வால்வு வழியாக அப்படியே வெளியே வரும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஆகவே பக்கத்தில் இருமுகிறவர் வால்வு மாஸ்க் போட்டிருந்தால் அதை நம்பி உட்காராதீர்கள்.

இருமியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படி இருமுகிற பலருக்கு உள்ளுக்குள் பயம், அந்தப் பயத்தில்தான் எரிந்து விழுகிறார்கள். நான் மெட்ரோவில் இந்த மாதிரி இருந்தால் மாஸ்க்கை நீட்ட மாட்டேன், எழுந்து பேஷன்ட்டை அடுத்த பெட்டிக்குக் கூட்டிப் போய்விடுவேன், பெட்டிகள் உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கின்றன. அப்பாவின் பாதுகாப்பை இன்னொருவர் மனது வைப்பதில் விடாதீர்கள்.

கல்யாண்வாசி எழுதியது:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லோக்கல் ரயிலில் சாப்பிடுவதற்குத் தடை என்பதே விசித்திரமாகத் தெரியும். கல்யாணிலிருந்து மும்பையின் சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல், அதிகாலையில் சமைத்துக் கட்டிவிட்டு ஓடி வருகிற பெண்கள் காலைப் பலகாரத்தை லேடீஸ் டப்பாவில்தான் (பெண்கள் பெட்டியை அப்படித்தான் சொல்வோம்) சாப்பிடுவார்கள். பட்டாணி உரிப்பார்கள், பூ கட்டுவார்கள், என் தோழி ஒருத்தி கீரை ஆய்ந்தே கொண்டுபோவாள், வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போடலாம் என்று. கதவும் ஜன்னலும் திறந்தே இருப்பதால் வாசனை யாருக்கும் பிரச்சினை இல்லை.

ஆனால் நாங்களும் இந்தச் சண்டையைப் பார்த்தவர்கள்தான். 2021 ஏப்ரலில் ரயில்வே மாஸ்க் இல்லாவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம் என்றது, ஆகஸ்ட் 15லிருந்து இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டு 14 நாள் ஆனவர்களைத்தான் லோக்கலில் ஏற்றினார்கள். சரி, சாப்பிட மாஸ்க்கை இறக்கித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் வெடித்தது. எங்கள் டப்பாவில் ஒரு அக்கா, ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறவர், சப்பாத்தியைச் சுருட்டி வாயில் வைத்த நேரத்தில் ஒரு பெண் "அபராதம் கட்டச் சொல்வேன்" என்று எழுந்து நின்றுவிட்டார். அந்த அக்கா வாயில் இருந்ததை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தார். நாங்கள் பத்துப் பேர் இருந்தோம், முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த நாள் நாங்களே பேசி முடிவு செய்தோம்: சாப்பிட வேண்டியவர் கதவோரக் காற்றில் இரண்டு பேராக மட்டும் நிற்பது, மற்றவர்கள் அந்த நேரத்தில் தள்ளி உட்காருவது. எழுந்து நின்று சத்தம் போட்ட அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டார். அப்போதுதான் சொன்னார், வீட்டில் மாமியாருக்கு கீமோ நடக்கிறது என்று. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் அந்த அக்காவே சப்பாத்தியை டப்பாவில் வைத்திருப்பார்.

தினமும் ஒரே 7.42ல் ஒரே முகங்களைப் பார்ப்பதால் எங்களுக்கு அது முடிந்தது. மெட்ரோவில் தினம் புது முகம், அது கஷ்டம்தான்.

அல்சூர் ஏரி எழுதியது:

பெங்களூரில் 2023 அக்டோபரில் ஒருவர் நம்ம மெட்ரோவில் கோபி மஞ்சூரியன் சாப்பிட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றி, 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். அதிலிருந்து யாராவது வாயை அசைத்தாலே போன் வெளியே வருகிறது. கோபி மஞ்சூரியன் சாப்பிட்டவருக்கும் சர்க்கரை இறங்கிய பெரியவருக்கும் போனுக்கு வித்தியாசம் தெரியாது, அதைப் பிடித்திருக்கிற ஆளுக்காவது தெரிய வேண்டும். இதில் எனக்கு ரொம்பக் கோபம் வருகிறது. வீடியோ வந்தால் அது இருக்கிற தளத்தில் உடனே புகார் கொடுங்கள், பார்க்கிற நண்பர்களையும் கொடுக்கச் சொல்லுங்கள், பகிர்ந்து "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று எழுத வேண்டாம், அதுவே அப்பாவின் முகத்தை இன்னும் நூறு பேருக்குக் காட்டும்.

யமுனைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, வால்வு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, வீட்டில் அம்மா போடுகிற மாஸ்க்கை எடுத்துப் பார்த்தால் அதில் வால்வு இருக்கிறது. இவ்வளவு நாள் அப்பா பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இன்று மாற்றிவிட்டோம். கல்யாண்வாசி, நானும் அந்த மனிதரிடம் "பேஷன்ட்" என்று மட்டும்தான் சொன்னேன், கிட்னி மாற்றியவர் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பழைய கரோல்பாக் எழுதியது:

நர்ஸ் அம்மா சொன்னதைப் படித்தேன். இறங்கச் சொன்னது தப்பு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் மனைவிக்கும் சர்க்கரை உண்டு, ஆனால் மாத்திரைதான், இப்படி ஒரு நிலை வீட்டில் வந்ததில்லை.

விதி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அதை நடத்த வேண்டியவர்கள் மெட்ரோ ஆட்கள், எதிர் சீட்டுப் பயணிக்கு அபராதம் போடவும் அதிகாரம் கிடையாது, படம் எடுத்து விசாரிக்கவும் கிடையாது. 2002ஆம் வருட மெட்ரோ சட்டத்தின் 59ஆவது பிரிவில் தொந்தரவு கொடுப்பதும் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் குற்றம், சட்டம் வந்தபோது 500 ரூபாய் வரை அபராதம் வைத்தார்கள். அந்தப் பையன் செய்தது என் கணக்கில் தொந்தரவுதான். மெட்ரோ உதவி எண் 155370. தேதி, நேரம், எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில், பெட்டி நம்பர், இதெல்லாம் சொல்லிப் புகார் கொடுங்கள். பெட்டி நம்பர் உள்ளே எழுதியிருக்கும், அடுத்த முறையிலிருந்து ஏறியதும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மறுபடி அப்படி ஆனால் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர பட்டனை அமுக்கினால் மெட்ரோ ஆட்களிடம் பேசலாம், அடுத்த ஸ்டேஷனில் ஆள் வந்து நிற்பார்கள். உதவி வருகிறது என்று தெரிந்தால் பெட்டியில் இருப்பவர்களும் வாயை மூடுவார்கள்.

இன்னொரு யோசனை: டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி லேமினேட் செய்து வையுங்கள். இந்த ஊரில் முத்திரை குத்திய காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. முடிந்தால் அடுத்த முறை நானும் கூட வருகிறேன், ரிட்டயர் ஆன ஆள், வியாழக்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

யமுனைக்கரை எழுதியது:

சார், நீங்கள் வருகிறேன் என்று சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "கரோல்பாக்கில் எந்தத் தெரு, கேள்" என்றார், அந்தக் காலத்தில் அவரும் அங்கேதான் அறை எடுத்துத் தங்கியிருந்தாராம்.

டாக்டர் கடிதத்தை அடுத்த முறைதான் வாங்க முடியும். அதுவரைக்கும் அப்பாவே ஒரு அட்டையில் ஹிந்தியில் எழுதியிருக்கிறார், ஆபீஸில் எழுதிப் பழகிய அதே அழகான கையெழுத்து. "எனக்கு மாற்றுக் கிட்னி. இன்சுலின் போடுகிறேன். நான் குழறிப் பேசினால் சட்டைப் பையில் உள்ள குளுக்கோஸைக் கொடுக்கவும்." கீழே என் போன் நம்பர். இரண்டாவது பக்கத்தில் இருமுகிறவர்களுக்காக ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்று முறை அடித்து எழுதிவிட்டார், இன்னும் திருப்தி இல்லையாம். கிருபயா (தயவுசெய்து) என்று தொடங்குவதா, பாயி சாப் என்று தொடங்குவதா என்று என்னையே கேட்கிறார்.

மயூர் விஹார் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் பக்கம், காலை 7 மணி. ஜூஸ் டப்பா இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், சார்.